விழாத விமானங்களுக்கு ஒரு கல்

கல்லை வெட்டி முடித்த பிறகுதான் என் தம்பி எனக்குப் போன் செய்தான். அவன் எப்போதும் அப்படித்தான். தன் கல்யாணத்தைக்கூடப் பெண் பார்த்து, பூ வைத்து, மண்டபம் பேசின பிறகுதான் என்னிடம் சொன்னான்.

"அக்கா, நைனாவுக்கு ஒரு கல்லு வெக்கிறோம். நம்ம ஊரு கூட்ரோட்டுல."

"நல்லது. என்னன்னு வெட்டியிருக்க?"

"மூன்று எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய வீரர்னு. மேல தெலுங்கு, கீழ தமிழு."

"மூணா?"

"ஆமா. இன்னா இப்போ?"

நான் அப்போது கங்காதர நெல்லூரைத் தாண்டி, ரோட்டோரம் கவிழ்ந்து கிடந்த மாங்காய் லாரியின் அச்சைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர் நான். அடிபட்ட வண்டியைப் பார்த்து, உரிமையாளர் சொல்வதும் வண்டி சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் "பொம்பளை சர்வேயரா?" என்று கேட்காத ஒர்க்‌ஷாப் இல்லை. "வண்டிக்கு அது தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அடியில் குனிந்துவிடுவேன். அன்று லாரிக்கு அடியிலிருந்தே தம்பியிடம் கத்தினேன். நைனா மூன்று என்று எப்போதடா சொன்னார்?

நைனா என்றால் எங்கள் அப்பா. அவர் சொன்னது ஒன்று. அந்த ஒன்றைக்கூட அவர் சொன்ன விதம் வேறு.

எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம். எங்கள் ஆட்களுக்கு அங்கே ஒரு காலத்தில் கையளவு நிலம் கிடையாது. மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை. நைனா மிஷன் பள்ளியில் படித்து, நாலு வரி இங்கிலீஷ் பேசக் கற்று, வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய போரில் விமானப் படையில் சேர்ந்தார். பர்மா எல்லையில், ஜப்பான்காரர்களுக்கு எதிராக, இரண்டு பேர் போகும் குண்டுவீச்சு விமானம். முன்னால் ஓட்டியவர் வடக்கத்தி ஆபீசர். நைனா பின்னால், வால் பக்கம் பார்த்தபடி, துப்பாக்கியோடு. போர் முடிந்து வந்து ரேணிகுண்டா ரயில்வேயில் தண்டவாள வேலைக்குச் சேர்ந்தார். தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார். நான் பிறந்தபோதே அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது.

விமானத்தைப் பற்றி அவரை நாங்கள் நச்சரித்தால்தான் பேசுவார். பேசினால் வார்த்தை மாறாது. "தைப்பூசத்துக்கு மறுநாளு காலையில. அவன் பின்னாலயே வந்துக்கினு இருந்தான். நான் சுட்டேன். பட்டுச்சு. பொகை உட்டுக்கினே மேகத்துக்குள்ள பூந்துட்டான். அப்பால நான் பாக்கல." அவ்வளவுதான். 'விழுந்தான்' என்று அவர் சொன்னதே இல்லை. விழவைத்தது நாங்கள்.

ஊர் சிரித்தது. நிலம் வைத்திருந்த தெருவில் அவர் லீவுக்கு வந்தால் "ஏரோப்ளேன் வருது, தலைய குனிஞ்சுக்குங்க" என்பார்கள். பின்பக்கம் பார்த்துக்கொண்டு போருக்குப் போனவன் என்று ஒரு கேலி. அவர் காதில் வாங்காமல் நடப்பார். நாங்கள் வாங்கிக்கொண்டோம். சின்ன வயதில் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் ஒன்றை இரண்டாக்கினது நானோ தம்பியோ, நினைவில்லை. பிறகு சுதந்திர தின மேடைகளில் தம்பி பேசப் பேச அது மூன்றாக வளர்ந்திருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், விமானங்களை எண்ணுவது எனக்குப் பொழுதுபோக்கு. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சீரியல் பார்ப்பார்கள். நான் பழைய போர்களின் விமானச் சண்டைகளைப் பார்ப்பேன். ஒரு பக்கத்து ஆட்கள் "இத்தனை விமானத்தை வீழ்த்தினோம்" என்று சொல்லியிருப்பார்கள். மறுபக்கம் "எங்களுக்கு இத்தனை போச்சு" என்று பதிவு வைத்திருக்கும். இரண்டையும் நாள் வாரியாக, இடம் வாரியாக எதிரெதிரே வைத்துப் பொருத்துவது. உலகம் முழுக்க இதற்கென்று கிறுக்குப் பிடித்த சில நூறு பேர் இணையத்தில் இருக்கிறோம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வாதம் மட்டும் ஓயாது.

பொருத்திப் பார்த்தால் எந்த நாட்டுக் கணக்கும் தேறாது. சொன்னதில் பாதி விழுந்திருந்தால் பெரிய விஷயம். அதற்காக எல்லாரும் புளுகர்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு மழை நாளில் மூன்று வண்டிகள் அடுத்தடுத்து மோதின. மூன்று டிரைவர்களும் "அந்த ஆட்டோவ நான்தான் மேடம் இடிச்சேன்" என்றார்கள். ஆட்டோ ஒன்றுதான். அதில் இருந்த அடியும் ஒன்றுதான். மூன்று பேரும் சத்தியமாகத்தான் சொன்னார்கள். இடித்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது, கண் முன்னால் ஆட்டோ நசுங்கியிருந்தது. வானத்திலும் இதுதான் கதை. நாலு பேர் ஒன்றைச் சுட்டுவிட்டு ஆளுக்கு ஒன்று என்று எழுதுவார்கள். தப்பித்து ஓடுகிறவன் எஞ்சினை முழு முறுக்கு முறுக்கினால், மலைப் பாதையில் திணறும் பழைய பஸ் மாதிரி, கறுப்புப் புகை கக்கும். பின்னால் வருகிறவன் எரிகிறது என்று நினைப்பான்.

ஆனால் ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். இந்தப் பக்கம் ஒருவன் "வீழ்த்தினேன்" என்றால், அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் ஒருவன் அன்று சாப்பாட்டுக்கு வந்திருக்கக் கூடாது. வந்து சாப்பிட்டிருந்தால் அது வீழ்த்தினது இல்லை. செத்தவனைக் காட்டாமல் எண்ணிக்கை சொல்வது எனக்கு அருவருப்பு.

இந்த லட்சணத்தில் என் தம்பி மூன்று என்று கல்லில் வெட்டிவிட்டான்.

நான் சண்டை போடுவதற்கு முன்பே ஊர் சண்டை போட ஆரம்பித்துவிட்டது. கூட்ரோட்டில்தான் பஸ் நிற்கும், கடைகள் இருக்கும், அங்கிருந்துதான் நிலக்காரர்களின் பெரிய தெருவுக்குள் போக வேண்டும். எங்கள் காலனிக்குள் எத்தனை கல் வைத்துக்கொண்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கூட்ரோடு என்றதும் பெரிய தெருவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் பஞ்சாயத்தில் எழுந்து நின்றார். அந்த ஆள் பட்டாளத்தில் சமையல்காரர், விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்று தலைமை ஆசிரியருடைய அப்பா சொன்னாராம். பொது இடத்தில் பொய்யை வெட்டி வைக்கக் கூடாது, ருஜுவு, அதாவது ஆதாரம், கொண்டு வரட்டும், இல்லையென்றால் கல்லை எடுத்துக்கொண்டு போகட்டும். பஞ்சாயத்துத் தலைவி சர்பஞ்சம்மா பாவம், இரண்டு தெரு ஓட்டும் வேண்டும். அடுத்த கூட்டம் வரைக்கும் அவகாசம் கொடுத்தார்.

தம்பி திருப்பதிக்கு நேரில் வந்தான். என் வீட்டு ஹாலில் உட்காரக்கூட இல்லை.

"நீதான் இந்த வேல பாத்துக்கினு இருக்கியே. உன் கம்ப்யூட்டர்ல பாத்து, மூணுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு. உன் சீல் போட்டு."

"பாக்கறேன். ஆனா மூணுன்னு எழுத மாட்டேன். இருக்கறத எழுதுவேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னுதான் எழுதுவேன்."

"ஊர்ல கண்டவன் அப்பனுக்கெல்லாம் பாத்துக் குடுக்கற. நம்ம நைனாவுக்கு ஒரு பொய் எழுத மாட்ட."

"மாட்டேன்டா."

அவன் காபியைத் தொடாமல் போனான். அந்தக் காபியைக் கொட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. சமையல்காரர் என்ற வார்த்தை எனக்கும் குத்தியிருந்தது. பட்டாளத்தில் சமைப்பது கேவலமில்லை. ஆனால் நைனா சமைக்கவில்லை.

நைனாவின் காகிதங்களை எல்லாம் ரேணிகுண்டா குவார்ட்டர்ஸில் கறையான் எப்போதோ தின்றுவிட்டது. கையில் இருந்தது தைப்பூசம் மட்டும்தான். அவர் எந்த நாளையும் இங்கிலீஷ் தேதியில் சொன்னதில்லை. முகாமில் யாரோ தேங்காய் உடைத்தார்கள், பெரிய நிலா, மறுநாள் காலை சண்டை. பழைய பஞ்சாங்கத்தை வைத்து அவர் பர்மா எல்லையில் இருந்த வருஷத்துப் பூசத்தைக் கண்டுபிடித்தேன். பிறகு அவருடைய படைப்பிரிவின் அன்றாடப் பதிவு இணையத்தில் எங்கே கிடக்கிறது என்று தேடினேன். கிடைத்தது. வடக்கத்தி ஆபீசர் பெயர், அதற்குப் பக்கத்தில் என் நைனாவின் பெயர், எழுத்துப் பிழையோடு. பின்னால் வந்த எதிரி விமானத்தைத் துப்பாக்கியாளர் சுட்டார், புகையோடு மேகத்துக்குள் போனது. மேலிடம் அதை ஏற்கவில்லை. யாரும் பார்க்காததால் தள்ளுபடி.

அப்படியானால் அவர் வானத்தில் இருந்தார். ஆனால் தலைமை ஆசிரியர் இதற்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இதே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்பார். மறுபக்கத்தைக் கேட்க வேண்டும்.

எங்கள் இணையக் கூட்டத்தில் ஜப்பானியர் ஒருவர் உண்டு. தன் நாட்டுப் பக்கத்து இழப்புகளை வாழ்நாள் முழுக்கத் திரட்டியவர். நாங்கள் இருவரும் மொழிபெயர்ப்புச் செயலி வழியாகத்தான் பேசிக்கொள்வோம். அதனாலேயே இருவரும் ரொம்ப மரியாதை. இடத்தையும் தேதியையும் சொல்லி, காலையில் உங்கள் பக்கம் ஏதாவது விழுந்ததா, அடிபட்டதா என்று கேட்டேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு எழுதினார். அன்று காலை அந்தப் பகுதியில் எங்கள் விமானம் எதுவும் எதையும் சந்திக்கவில்லை. வருத்தத்துடன்.

அன்று நான் சாப்பிடவில்லை. நைனா சொன்னது நடந்தது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லித்தான் எல்லாரும் என்னிடம் கிளெய்ம் கொண்டு வருவார்கள்.

பதில் கிடைத்தது ஒரு டோல்கேட்டில். ஒரு டேங்கர் விபத்துக்காகக் கேமரா பதிவைப் பார்க்கப் போயிருந்தேன். பதிவின்படி டேங்கர், சூளூர்பேட்டையில் கிளம்புவதற்கு முன்பே இங்கே கடந்துவிட்டிருந்தது. டிரைவர் பொய் சொல்கிறான் என்று கூட வந்த கம்பெனி ஆள் குதித்தார். நான் கேமரா அறைப் பையனிடம், "இந்த கேமராவுக்கு டைம் யாரு வெச்சது?" என்று கேட்டேன். கரண்ட் போய் வந்தால் அது தானாக ஏதோ ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றான். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது.

எங்கள் கூட்டத்தில் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு அது. நான் வருஷக்கணக்காக மற்றவர்களைத் திட்டித் திருத்திய தப்பு. ஜப்பானியர்கள் பர்மாவில் இருந்தாலும் கடிகாரத்தை டோக்கியோ நேரத்திலேயே வைத்திருந்தார்கள். நம் காலை அவர்கள் பதிவில் நடுப்பகல். நான் 'காலை' என்று கேட்டேன். அவரும் சொன்ன சொல் தப்பாமல் தன் காலையில் தேடியிருக்கிறார். நைனா விஷயம் என்றதும் எனக்கு வேலையே மறந்துபோயிருந்தது. அங்கிருந்தே எழுதினேன்: ஐயா, நடுப்பகலைப் பாருங்கள்.

அவர் பதில் நீளமாக வந்தது. நடுப்பகலில் அடிபட்ட விமானம் ஒன்று இருக்கிறது; அன்று எங்கள் பக்கம் வேறு எதுவும் விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. இதுவரை எல்லாரும் அதை அன்று மதியம் வெள்ளைக்கார ஆபீசர்கள் போட்ட பெரிய சண்டையோடு சேர்த்து வைத்திருந்தார்கள். நேரத்தைச் சரி செய்தால் அது உங்கள் தந்தையின் காலைக்குத்தான் வருகிறது. எஞ்சினில் குண்டு துளைத்து, புகையோடு முகாமுக்குத் திரும்பியது. ஓட்டியவர் காயமில்லாமல் இறங்கினார். விமானம் பிறகு பழுது பார்க்கப்பட்டது. அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும், தவறாக நினைக்காதீர்கள் என்று கடைசியில் எழுதியிருந்தார். அந்த விமானி இறங்கியதும், இரண்டு பேர் இருந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தைத் தானும் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது வெற்றியாக ஏற்கப்பட்டது.

நான் சத்தமாகச் சிரித்தேன். பிறகு அழுதேன். அவர்கள் கணக்கில் என் நைனா தைப்பூசத்துக்கு மறுநாள் காலையிலேயே செத்துவிட்டார்.

தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒண்ணுகூட உழலியா?"

"உழல. பட்டுச்சு. அவர் சொன்னது அவ்ளோதான்டா. அவர் ஒரு வார்த்த கூட்டிச் சொல்லல, நாமதான் கூட்டுனோம்."

"அக்கா, அந்தத் தெருவுல அவர செருப்பு போட்டுக்கினு நடக்க உடல. ஒரு விமானம்னா சிரிச்சானுங்க. அதான் மூணுன்னு வெட்டுனேன். மூணுக்கு எவனும் சிரிக்க மாட்டான்னு. இப்போ நீயே ஜீரோன்னு சொல்லிக்கினு வர்ற. நீ கூட்டத்துக்கு வராத."

போனேன்.

பஞ்சாயத்து ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே தலைமை ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். தம்பி வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்; என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கண்டுபிடித்ததை மறைக்காமல் வரிசையாகச் சொன்னேன். மூன்று இல்லை, ஒன்றும் இல்லை, என் நைனா யாரையும் கொல்லவில்லை.

தலைமை ஆசிரியர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "படிச்ச பொண்ணு, நேர்மையா ஒத்துக்கினு இருக்கு. நான் இன்னா சொன்னேன்? சமையல்காரரு."

"சார், எதிரிக்காரன் அன்னிக்கு ஒரு வண்டியச் சுட்டேன்னு சொல்லி மெடல் மாதிரி வாங்கியிருக்கான். ரெண்டு பேரு போன வண்டி. அந்த நேரத்துக்கு, அந்த இடத்துல, அப்படி ஒரு வண்டிதான் இருந்துச்சு. அதுல பின்னாடி ஒக்காந்து இருந்தவரு பேரு எங்க நைனா பேரு. அவன் சொன்னது பொய்யின்னே வெச்சுக்குங்க. அடுப்பாங்கரையப் பாத்தா அந்தப் பொய்யச் சொன்னான்?"

யாரோ சிரித்தார்கள். முதல் தடவையாக அந்தச் சிரிப்பு எங்கள் பக்கம் நின்றது. தலைமை ஆசிரியருக்கு முகம் கறுத்தது.

"இருக்கட்டும்மா. வீழ்த்தல இல்ல? வீழ்த்தாதவருக்கு கல்லு எதுக்கு?"

"அன்னிக்கு மதியானம் வெள்ளைக்கார ஆபீசருங்க ஆளுக்கு ஒண்ணுன்னு எழுதுனாங்க சார். ஒண்ணுகூட உழல. அடிபட்டதுன்னு இருந்த அந்த ஒண்ணும் எங்க நைனா சுட்டது. அவங்ககிட்ட யாரும் ருஜுவு கேக்கல. எங்க நைனா கிட்ட அப்பவும் கேட்டாங்க, செத்து இத்தன வருஷம் கழிச்சு நீங்களும் கேக்கறீங்க. நான் கொண்டு வந்துட்டேன். இந்த ஊர்ல வேற எந்தக் கல்லுக்காவது ருஜுவு கேட்டு இருக்கீங்களா?"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சர்பஞ்சம்மா தண்ணீர் சொம்பை என் பக்கம் நகர்த்தினார். கல்லில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். எண்ணிக்கையை அழிப்பதில் இருந்த அக்கறையில், அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவேயில்லை.

பதில் வாசல் பக்கத்திலிருந்து வந்தது. "எங்க நைனாவ சாவடிச்சுட்டேன்னு அவன் சொன்னான்" என்றான் தம்பி, சுவரை விட்டு விலகாமலே. "நீங்க சமையல்காரருன்னு சொன்னீங்க. ரெண்டும் தப்பு. அவரு மேல போனாரு, சுட்டாரு, திரும்பி வந்தாரு. அத்தத்தான் வெட்டப் போறேன். கூட்ரோட்டுலதான் வெக்கப் போறேன். தடுக்கறவங்க வந்து நில்லுங்க."

யாரும் நிற்கவில்லை. சர்பஞ்சம்மா கையெழுத்துப் போட்டார்.

மூன்று என்று வெட்டிய பக்கத்தைச் சிமெண்ட் பூசி மூடிவிட்டு, கல்தச்சர் பின்பக்கத்தை இழைத்துப் புதிதாக வெட்டினார். தம்பி இந்தத் தடவை வெட்டுவதற்கு முன்பே எனக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினான். 'இவர் வானத்தில் போரிட்டார். எதிரி இவரைச் சுட்டான். இவர் எதிரியைச் சுட்டார். இருவரும் வீடு திரும்பினார்கள்.' கடைசி வரியை எடுத்துவிடு என்று அவன் கூட்டாளிகள் கெஞ்சினார்களாம். அது இருந்தால்தான் கல் என்று அவன் சொல்லிவிட்டான்.

கல் நட்ட அன்று நாங்கள் இருவரும் அதன் இரு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நின்று படித்துவிட்டுப் பெரிய தெருவுக்குள் போனார்கள். அந்தப் படத்தை எங்கள் இணையக் கூட்டத்தின் பக்கத்தில் போட்டு, ஜப்பான் விமானியின் அந்த வெற்றிப் பதிவுக்குக் கீழே என் ரிப்போர்ட்டை எழுதினேன். கிளெய்ம் தள்ளுபடி. காரணம்: அன்று காலை செத்ததாகச் சொல்லப்படுபவருக்கு அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் நான். இடது பக்கம் நிற்கிறேன்.